நான்கு பரப்புக் காணியும் ஒரு வருட முதுமாணியும்: உளவியல் பட்டத்துக்குப் பிறகு மேற்படிப்பா?

கேள்வி கேட்டவர் வெள்ளவத்தையில் வசிக்கும் 24 வயதுத் தங்கை. பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் மூன்று ஆண்டு உளவியல் பட்டத்தைக் கொழும்பிலேயே ஒரு தனியார் நிறுவனத்தில் படித்து முடித்திருக்கிறார். இரண்டாம் வகுப்பு மேல்நிலைச் சித்தி. எட்டு மாதமாக ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை. மாதம் 85,000 ரூபா கைக்கு வருகிறது. அண்மையில் ஒரு ஹோட்டலில் நடந்த கல்விக் கண்காட்சியில், இங்கிலாந்தில் ஒரு வருட முதுமாணிக்கு இடம் எடுத்துத் தருவதாக முகவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்பா ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார். சாவகச்சேரியில் உள்ள நான்கு பரப்புக் காணியை விற்றுப் பணம் தரத் தயார் என்கிறார். போவதா, இங்கேயே இருப்பதா என்று தங்கை கேட்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் காணியை விற்க வேண்டாம். முகவர் காட்டும் அந்தப் படிப்புக்கும் கையெழுத்து வைக்க வேண்டாம். மேற்படிப்பு என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'மேலே படிப்பதா?' என்று கேட்டால் யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. எந்த வேலைக்கு, எந்த நாட்டில், அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் எந்தச் சபையின் பதிவோடு என்று கேட்டால் பதில் தானாகவே வரும். வேறு பல பாடங்களில் முதுமாணி என்பது ஏணியின் அடுத்த படி. உளவியலிலோ ஏணிகளே நான்கைந்து இருக்கின்றன. ஒன்றில் பாதி ஏறிய பிறகு மற்றதற்குத் தாவ வழியில்லை, கீழே இறங்கித்தான் மாற வேண்டும். நான் இறங்கி மாறியவள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பட்டம் முடித்த வருடக் கடைசியில் சுனாமி வந்தது. 2005 ஜனவரியில் மட்டக்களப்பு நாவலடிப் பக்கம் வேலை செய்த ஓர் உளச்சமூகக் குழுவில் மொழிபெயர்ப்பாளராகப் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்சியாளர் ஆங்கிலத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன். ஒரு வயதான அம்மாவிடம் 'இப்போது உங்கள் உள்ளத்தில் என்ன உணர்வு இருக்கிறது?' என்று நான் மொழிபெயர்த்துக் கேட்டபோது, அவர் என்னை ஒரு விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மணலுக்குள் புதைந்து கிடந்த தன் அலுமினியப் பானையை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். அதைக் கழுவிக்கொண்டே, கேட்காமலே எல்லாம் சொன்னார். பயிற்சியாளரின் படிவத்தில் அதை எழுத இடமே இருக்கவில்லை.

அந்த அனுபவத்தோடு பேசாமல் இன்னும் இரண்டு வருடம் களத்தில் இருந்திருக்கலாம். நான் 2007இல் வெளிநாட்டில் ஒரு வருட முதுமாணிக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு போனேன். பாடநெறியின் பெயர் கேட்க அழகாக இருந்தது, பல்கலைக்கழகமும் நல்ல பெயர் எடுத்ததுதான். திரும்பி வந்து ஒரு வைத்தியசாலையின் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்தபோது, மேற்பார்வையின் கீழ் எத்தனை மணித்தியாலம் நோயாளிகளைப் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு மணித்தியாலமும் இல்லை. என் படிப்பில் அது சேர்க்கப்படவே இல்லை. சேரும்போது நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. கடன் மட்டும் மிச்சம். பிறகு இங்கேயே மறுபடி வரிசையில் நின்று, வயதில் இளையவர்களோடு வகுப்பில் இருந்து, சிகிச்சைப் பயிற்சியை முதலிலிருந்து தொடங்கினேன்.

உங்கள் கையில் இப்போது இருக்கும் பட்டத்தின் பெறுமதியைக் கொஞ்சம் பார்ப்போம். மூன்று ஆண்டு உளவியல் பட்டம் ஒருவரை உளவியலாளர் ஆக்குவதில்லை. இது இலங்கையில் மட்டும் உள்ள குறை என்று நினைக்காதீர்கள், இலண்டனிலும் மெல்பேர்ணிலும் இதே கதைதான். மனித நடத்தையைச் சந்தேகத்தோடு பார்க்கவும், ஆய்வுக் கட்டுரையை வாசித்து அதன் ஓட்டையைக் கண்டுபிடிக்கவும், எண்களோடு பயப்படாமல் பழகவும் அது கற்றுத் தருகிறது. மனிதவளம், சந்தை ஆய்வு, தொண்டு நிறுவனங்களின் கண்காணிப்பு மதிப்பீட்டு வேலைகள், பாடசாலைகளில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான உதவி போன்ற வேலைகளுக்கு அது போதும். ஆனால் ஒருவரின் மனவருத்தத்துக்குச் சிகிச்சை தரும் நாற்காலியில் உட்கார அது போதாது. கலியாண வீட்டில் 'பிள்ளை சைக்கோலஜி, மனதைப் படித்துவிடுவாள்' என்று மாமி அறிமுகம் செய்வதை நாம் தடுக்க முடியாது. நாமே அதை நம்பிவிடக்கூடாது, அவ்வளவுதான்.

கிளினிக்கல் சைக்கோலஜி என்று எல்லோரும் சொல்லும் சிகிச்சை உளவியல்தான் உங்கள் மனதில் இருக்கிறது என்று உங்கள் கேள்வியை வாசிக்கும்போது தெரிகிறது. அந்த ஏணியை முதலில் பார்ப்போம். இலங்கையில் சிகிச்சை உளவியலாளராக அரச வைத்தியசாலையில் வேலை செய்வதற்கு இலங்கை மருத்துவ சபையின் பதிவு தேவை. அதற்கு இங்கே பெரும்பாலானோர் போகும் வழி, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சிகிச்சை உளவியல் முதுதத்துவமாணி (எம்.ஃபில்). இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. வகுப்பறைப் பாடம் ஒரு பங்கு என்றால், வைத்தியசாலை விடுதிகளிலும் கிளினிக்குகளிலும் மேற்பார்வையோடு செய்யும் வேலையும் ஆய்வும் பல பங்கு. இடங்கள் மிகக் குறைவு, போட்டி கடுமை. பகல் வேலையை வைத்துக்கொண்டு இதைப் படிக்கலாம் என்று கனவு காண வேண்டாம்.

இங்கே உங்கள் மூன்று ஆண்டுப் பட்டம் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் மூன்று ஆண்டு பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு ஆண்டு சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பாடநெறிக் கற்கையால் மட்டும் பெறும் முதுமாணி 9ஆம் மட்டத்திலும், ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டத்திலும், முதுதத்துவமாணி 11ஆம் மட்டத்திலும், கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டத்திலும் இருக்கின்றன. பிரித்தானியாவில் மூன்று ஆண்டுப் பட்டத்தின் பெயரிலேயே 'ஹொனர்ஸ்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இங்கே எந்த மட்டத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்பதை ஊகிக்காதீர்கள். உங்கள் பட்டத்தையும் பாட விவரத்தையும் இணைத்து, சேர விரும்பும் பட்டப்பின்படிப்புப் பீடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, நுழைவுத் தகுதி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் 'பிரச்சினை இல்லை மிஸ்' என்று யாரோ சொன்னது பின்னால் உதவாது. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்பதையும் அதே கையோடு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, விளம்பரத் தாள் எதிலும் இல்லாத விஷயம். பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் அங்கொடை மனநல வைத்தியசாலையிலோ தேசிய வைத்தியசாலையிலோ விடுதியில் உங்கள் முன்னால் இருக்கும் பத்துப் பேரில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுவார்கள். (கொழும்பில் ஒருவரைப் பைத்தியம் என்று ஏசுவதற்கு 'அங்கொடை' என்ற ஊர்ப் பெயரே போதும் என்று ஆகிவிட்டது. நோயாளிகள் அந்தப் பெயரையும் சேர்த்தே சுமக்கிறார்கள்.) ஆங்கில மொழிமூலம் படித்த நம் வெள்ளவத்தைப் பிள்ளைகள் பலருக்குச் சிங்களம் காலி வீதிக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். தமிழோ, வீட்டுச் சாப்பாட்டு மேசையளவு. அப்பா இறந்த நாளைப் பற்றி ஒருவர் சொல்லும்போது கூடவே போக இந்த இரண்டும் போதாது.

தமிழைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் வந்து தனக்கு 'யோசனை' என்று சொல்வார். சென்னையில் அந்தச் சொல்லுக்கு ஒரு திட்டம், ஓர் எண்ணம் என்று பொருள். நம் ஊரில் அது கவலை, பயம், தூங்க விடாமல் சுற்றிச் சுற்றி வரும் நினைவு எல்லாம் சேர்ந்தது. மனவருத்தம் என்று யாரும் நேரே சொல்ல மாட்டார்கள். தலை விறைக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, கைகால் ஓய்ந்து போகிறது என்றுதான் தொடங்குவார்கள். மனச்சோர்வை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. பீ.எச்.கியூ-9 என்று நீங்களும் படித்திருப்பீர்கள். அதில் முதல் கேள்வி, காரியங்களில் ஆர்வமோ இன்பமோ குறைந்திருக்கிறதா என்பது. கணவன் காணாமல் போய்ப் பதினைந்து வருடமாகப் படத்துக்குப் பூ வைப்பதா, பொட்டு வைப்பதா என்று தெரியாமல் இருக்கும் ஒருவரிடம் இந்தக் கேள்வியை எந்தத் தமிழில் கேட்பீர்கள்? இதை எந்த நாட்டு முதுமாணியும் உங்களுக்குக் கற்றுத் தராது. தமிழில் இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் கொழும்பிலேயே மிகக் குறைவு என்பதால், உங்களிடம் இருக்கும் பெரிய முதல் அந்தக் காணியைவிட இந்த மொழிதான் என்பேன்.

சரி, இங்கிலாந்து. முகவர் காட்டிய பாடநெறியின் பெயரில் 'கிளினிக்கல்' என்ற சொல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரில் அந்தச் சொல் இருப்பதும், முடித்தவர் சிகிச்சை உளவியலாளர் ஆவதும் வேறு வேறு. அங்கே அந்தப் பெயரைப் பயன்படுத்த எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குபடுத்தும் சபையில் பதிவு வேண்டும். உளவியலாளர்களை அந்தச் சபை 2009 முதல் பதிவு செய்கிறது. அந்தப் பதிவுக்குப் பொதுவாகப் போகும் வழி மூன்று ஆண்டுத் தொழில்சார் கலாநிதிப் படிப்பு. அதில் பெரும்பாலான இடங்களுக்கு அந்நாட்டுத் தேசிய சுகாதார சேவை பணம் கொடுக்கிறது, அவை அந்நாட்டில் வசிப்பவர்களுக்கானவை. அவர்களே உதவி உளவியலாளராகச் சில வருடம் வேலை செய்துவிட்டு, இரண்டு மூன்று முறை விண்ணப்பித்த பிறகுதான் உள்ளே போகிறார்கள். வெளிநாட்டவர் சொந்தச் செலவில் சேரும் இடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். ஒரு வருட முதுமாணி இந்த வரிசையில் உங்களை ஓர் அடி முன்னால் நிறுத்தலாம், கதவைத் திறக்காது.

இதற்குள் இன்னொரு பொறியும் இருக்கிறது. பிரித்தானிய உளவியல் சங்கம் அங்கீகரித்த பட்டம் இருந்தால்தான் அங்கே அடுத்த கட்டப் பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்க முடியும். ஆனால் அந்த அங்கீகாரம் குறிப்பிட்ட பாடநெறிக்கும் அது நடக்கும் இடத்துக்கும் தரப்படுவது. அதே பல்கலைக்கழகத்தின் பெயரில் கொழும்பில் நடக்கும் வகுப்புக்கும் அது பொருந்துமா என்று உங்கள் நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால், உளவியல் படிக்காதவர்களை உளவியலுக்குள் கொண்டுவரும் 'மாற்று முதுமாணி' ஒன்றில் உங்களைச் சேர்த்துவிட முகவருக்கு வசதி. அங்கீகாரம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் நீங்கள் மூன்று வருடம் படித்ததையே ஒரு வருடத்தில் மறுபடி படித்துவிட்டு வருவீர்கள். முகவருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். உங்களிடம் ஒரு சதமும் வாங்காமல் அவர் ஓடி ஓடி உதவுகிறார் என்றால், பிள்ளை பிடித்துக் கொடுப்பதற்குப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது.

அவுஸ்திரேலியாவில் விதி தெளிவானது. மொத்தம் ஆறு வருடம். மூன்று வருடப் பட்டம், போட்டிக்குரிய நான்காவது வருடம், அதன் பிறகு இரண்டு வருட முதுமாணி. அல்லது ஐந்தாவது வருடம் படிப்பு, ஆறாவது வருடம் மேற்பார்வையில் பயிற்சி. முன்பு நான்கு வருடம் படித்துவிட்டு இரண்டு வருடம் வேலைப் பயிற்சியாகச் செய்யும் வழி இருந்தது. 2022 ஜூன் மாதத்தோடு அதில் புதியவர்களைச் சேர்ப்பது நின்றது. உங்கள் அண்ணனின் நண்பரின் மனைவி அப்படித்தான் செய்தார் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. உங்களுக்கு அங்கே இடறும் இடம் அந்த நான்காவது வருடம்தான். அமெரிக்காவில் பட்டம் முடித்த கையோடு நேரே கலாநிதிப் படிப்புக்கே விண்ணப்பிக்கலாம். சிகிச்சை உளவியலில் ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். நல்ல ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதப் படியும் தரும். அதற்கு அவர்கள் கேட்பது ஆய்வு அனுபவம். எந்தப் பேராசிரியரின் ஆய்வோடு உங்கள் ஆர்வம் பொருந்துகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். அங்கேயே முதுமாணி மட்டும் படிக்கப் போனால் பெரும்பாலும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

இந்தியாவைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. செலவு குறைவு. இந்திய அரசின் கலாசார உறவுகள் பேரவை இலங்கை மாணவருக்கென்றே புலமைப்பரிசில்கள் தருகிறது. அங்கே சிகிச்சை உளவியலாளர் ஆவதற்கு, முதுமாணிக்குப் பிறகு இந்தியப் புனர்வாழ்வுப் பேரவை அங்கீகரித்த இரண்டு வருட எம்.ஃபில் படிப்பு இருந்தது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல நிறுவனம் அதற்குப் பெயர்போனது. இந்தியா எம்.ஃபில் பட்டத்தையே கைவிட்டபோது, சிகிச்சை உளவியலுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்குக் கொடுத்தார்கள். ஆகவே பழைய பட்டதாரிகளின் பேச்சை வைத்து முடிவெடுக்காமல், இப்போது நடப்பில் உள்ள பாடநெறியின் பெயரைப் புனர்வாழ்வுப் பேரவையின் பட்டியலிலேயே பாருங்கள். அந்தப் பெயரோடு வந்தால் இலங்கை மருத்துவ சபை ஏற்குமா என்பதையும் போவதற்கு முன்பே கேளுங்கள்.

இனிக் காணி. முகவர் சொன்ன கட்டணம் 20,000 பவுண். ஒரு பவுண் 400 ரூபா என்று வைத்தால் 80 இலட்சம். உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தால் 94 மாதம், அதாவது எட்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. இதில் சாப்பாடு, அறை வாடகை, விசாக் கட்டணம், விமான டிக்கெட் எதுவும் சேரவில்லை. படிப்பு முடிந்து அங்கே நின்று வேலை தேடத் தரும் விசா இரண்டு வருடம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். அந்த 18 மாதத்தில் பெரும்பாலானோர் செய்வது முதியோர் பராமரிப்பு இல்ல வேலை அல்லது கடை வேலை. அந்த வேலைகளில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் அதற்கு 80 இலட்சம் கொடுத்துப் பட்டம் வாங்கத் தேவையில்லை.

ரூபாவையும் நம்பக்கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. என்னிடம் மேற்பார்வைக்கு வந்துகொண்டிருந்த ஒரு தம்பி அப்போது வெளிநாட்டில் இரண்டாவது தவணைக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. முதல் தவணைக்கு வீட்டு நகை போயிருந்தது. இரண்டாவது தவணைக்கு வீடே போயிற்று. அவர் படிப்பை முடித்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இப்போதும் தாயோடு தொலைபேசியில் பேசும்போது அந்த வீட்டைப் பற்றி இருவரும் பேசுவதில்லையாம்.

இந்த ஒரு வருடத்தை வீணாக்காமல் என்ன செய்யலாம் என்றுதான் நான் யோசிப்பேன். முதலாவது, கேட்கப் பழகுங்கள். 1974இல் தொடங்கப்பட்ட சுமித்ரயோ அமைப்பு, ஹோர்ட்டன் பிளேஸில் இருந்து, தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்குத் தொண்டர்களைக் கொண்டு செவிசாய்க்கிறது. தொண்டர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். அங்கே அறிவுரை சொல்லக்கூடாது, கேட்க மட்டும்தான் செய்யலாம். உளவியல் படித்தவர்களுக்கு இது பெரிய தண்டனை. அரை மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு ஒருவரின் துயரத்தோடு இருந்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுத் தூங்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது உங்கள் குற்றமே இல்லை. ஆனால் அதை 80 இலட்சம் கொடுத்துத் தெரிந்துகொள்வதைவிட இலவசமாகத் தெரிந்துகொள்ளலாமே.

இரண்டாவது, உங்கள் ஆய்வேட்டை எடுத்து மறுபடி புரட்டுங்கள். எந்தப் பகுதியை எழுதும்போது நேரம் போனது தெரியவில்லை? ஆட்களை நேர்காணல் செய்தபோதா, எண்களை வைத்து மல்லுக்கட்டியபோதா, வாசித்ததைத் தொகுத்தபோதா? என் மாணவர்களில் பாதிப் பேர் சிகிச்சைதான் வேண்டும் என்று வருவார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கியதும் முகம் மலர்வது எண்களைப் பற்றிப் பேசும்போது. நீங்களும் அப்படியென்றால் உங்கள் ஏணி ஆய்வு. 'ஆர்' என்ற புள்ளிவிவர மென்பொருள் இலவசம். அதைப் பழகிக்கொண்டு, பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ ஆய்வு உதவியாளராக ஒட்டிக்கொள்ளுங்கள். தமிழில் ஓர் உளவியல் அளவுகோலை மொழிபெயர்த்து, வேறொருவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பி, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தி, நம் மக்களிடம் சோதித்துப் பார்க்கும் வேலை கொட்டிக் கிடக்கிறது. அதில் ஒன்று உங்கள் பெயரோடு வெளியானால், அமெரிக்கப் பேராசிரியருக்கு நீங்கள் எழுதும் கடிதம் வேறு மாதிரி வாசிக்கப்படும்.

மூன்றாவது சிங்களம். அதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

இப்படி ஒரு வருடம், முடிந்தால் இரண்டு வருடம் இருந்தால் இன்னொரு வாசலும் திறக்கிறது. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் ஒரு வருட முதுமாணிக்கு முழுச் செலவும் தருகிறது. அதற்கு விண்ணப்பிக்க இரண்டு வருட வேலை அனுபவம், அவர்கள் கணக்கில் 2,800 மணித்தியாலம், வேண்டும். உங்களுக்கு இன்னும் எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. இப்போது காணியை விற்றுப் போகும் அதே ஒரு வருடப் படிப்புக்கு, இன்னும் ஒரு வருடமும் நான்கு மாதமும் பொறுத்தால் இலவசமாகப் போக ஒரு வாய்ப்பாவது இருக்கும். நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவுஸ்திரேலிய அரசின் புலமைப்பரிசிலிலும் அப்படியே. பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்காவின் ஃபுல்பிரைட் புலமைப்பரிசில் இரண்டையும் பாருங்கள். கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் விண்ணப்பிக்க எழுதும் அந்த நான்கு கட்டுரைகளே, எதற்காகப் படிக்கப் போகிறீர்கள் என்பதை உங்களுக்குக் காட்டிவிடும். எழுத முடியாமல் திணறினால் அதுவும் ஒரு பதில்தான்.

நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம் ஒன்று என் கண்ணில் பட்டது. தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு அறிமுக வகுப்பு எடுப்பது உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சையைப் பற்றி எழுதிய நான்கு பந்தியிலும் 'பிடித்திருக்கிறது' என்ற சொல் இல்லை. வேலைத்தலத்தில் மனிதர்களைப் படிக்கும் தொழில்சார் உளவியல் என்று ஒரு துறை இருக்கிறது. மனிதவளத்தில் மேலே போக விரும்பினால் கொழும்பிலேயே மாலையிலும் வார இறுதியிலும், சம்பளத்தை விடாமல் படிக்க வழிகள் உண்டு. மனிதவள முகாமைக்கென்று பட்டய நிறுவனமே இங்கு இருக்கிறது. சிகிச்சை செய்பவர்தான் உண்மையான உளவியலாளர், மற்றவர்கள் இரண்டாம் தரம் என்ற எண்ணம் நம் வகுப்பறைகளில் இருக்கிறது. விரிவுரையாளர்களாகிய நாங்களும் அதற்குப் பொறுப்பு. அதை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. நாட்டை விட்டுப் போவதுதான் நோக்கமா? 2022க்குப் பிறகு அப்படி நினைக்காத இளையவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் அதுதான் நோக்கம் என்றால், உங்களுக்குள்ளாவது ஒப்புக்கொள்ளுங்கள். ஏனென்றால் அப்போது கணக்கு மாறிவிடும். நாடு மாறுவதற்கு உளவியல் மெதுவான வாகனம். ஒவ்வொரு நாட்டிலும் பதிவு என்ற சோதனைச் சாவடியில் நிற்கும். சமூகப் பணி போன்ற துறைகள் வேகமானவை. அவுஸ்திரேலியாவில் வேறு துறைப் பட்டதாரிகள் இரண்டு வருடத் தகுதிதரும் முதுமாணியைப் படித்து, 1,000 மணித்தியாலக் களப்பயிற்சியோடு சமூகப் பணியாளராகலாம். உளவியல் பட்டம் அதற்கு நல்ல அடித்தளம். காணியை விற்பதென்றே முடிவானால், நான் அதை இப்படியான ஒன்றுக்கு விற்பேன். படிப்பு முடியும்போது அந்த நாட்டில் செல்லுபடியாகும் தொழில் ஒன்றாவது கையில் இருக்கும்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. டொரோண்டோவிலிருந்து வாரம் தவறாமல் எடுக்கும் பெரியம்மாவுக்கு, 'பிள்ளை அடுத்து என்ன செய்கிறாள்?' என்ற கேள்விக்கு ஒரு பதில் தேவைப்படுகிறது. 'முதுமாணி' என்பது அதற்கு வசதியான பதில். கலியாணப் பேச்சையும் இரண்டு வருடம் தள்ளிவைக்கும். அந்த இரண்டு வருடம்தான் உங்களுக்கு உண்மையில் வேண்டும் என்றால், சுமித்ரயோவும் சிங்கள வகுப்பும் ஆய்வு உதவியாளர் வேலையும் அதை மலிவாக வாங்கித் தரும். பெரியம்மாவிடம் 'புலமைப்பரிசிலுக்கு ஆயத்தம் செய்கிறாள்' என்று அம்மா சொல்லலாம். பொய்யும் இல்லை.

முகவர் மறுபடி எடுத்தால் அவரிடம் இரண்டு விஷயங்களை மின்னஞ்சலில் கேளுங்கள். இந்தப் பாடநெறியில் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் நேரம் எத்தனை மணித்தியாலம்? முடித்தவுடன் எந்த நாட்டின் எந்தச் சபையில், என்ன பெயரில் பதிவு செய்யலாம்? பதில் வந்தால் எனக்கும் அனுப்பி வையுங்கள். சேர்ந்து வாசிப்போம். அதுவரை காணி உறுதியை அப்பா அலுமாரியிலிருந்து வெளியே எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.